மின்தடைக் காலத்து ஊர்வன ஓம்பியல்

பாயிரம்

பனி கொட்டும் நாடுகளில் கரண்ட் போனால், பாம்பு வளர்ப்போர் வெந்நீர்ப் பாட்டிலும் கம்பளியுமாக ஓடுவார்கள். அந்த நுட்பங்களைப் பேரையூர் வட்டம் டி. கல்லுப்பட்டிக்குப் பொருத்திக் காட்டுவதே இந்நூலின் நோக்கம். இங்கே மே மாத மதியம் 38 டிகிரியைக் கேட்காமலே தாண்டும் என்பதால் நூல் சுருங்கிவிட்டது.

ஓம்பத் தக்கவை

உடும்பும் நட்சத்திர ஆமையும் மலைப்பாம்பும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றை வீட்டில் கதகதப்பாக வைத்திருப்பவரைக் கதகதப்பாக வைத்திருக்க அரசிடம் தனி அறை உண்டு. எனவே இல்லறத்தார்க்கு எஞ்சுவது பல்லி ஒன்றே. அது காலண்டருக்குப் பின்னாலோ சுவிட்ச் பெட்டிக்குள்ளோ இரண்டு முட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும். கரண்ட் போனால் அதற்கு நட்டம் சூடு அல்ல, டியூப்லைட்டுக்கு வரும் பூச்சி. பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்றெல்லாம் பலன் சொல்லும் பஞ்சாங்கம், பல்லிக்கு ராச்சாப்பாடு தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று சொல்வதில்லை.

விதி

இந்தியாவில் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிப் படுத்து அடைகாக்கிறது என்று 1830களில் லமார் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. 1841இல் பாரிஸிலேயே ஒரு பாம்பு அடைகாக்க, விலங்கியலாளர் வாலன்சியன் வெப்பமானியோடு போய் அளந்து உறுதி செய்தார். 1966இல் நியூயார்க் ஆய்வு காரணத்தையும் சொன்னது: சுற்றுப்புறம் 33 டிகிரிக்குக் கீழே போனால், தாய் தன் தசைகளை வெட்டி வெட்டி இழுத்துச் சூடேற்றுகிறது. கல்லுப்பட்டிக் கோடையில் அதற்கு அந்த வேலையும் மிச்சம்.

சதுப்புநில முதலை முட்டை 31 டிகிரியிலும் அதற்குக் கீழும் இருந்தால் பெண், 32.5இல் ஆண். இது 1976இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அறிந்தது. ஆகவே அடைப்பெட்டியை ஆறவிடும் நீண்ட மின்தடை பெண் முதலைகளைப் பெருக்கும் என்று கொள்ள இடமுண்டு. மின்வாரியம் இதைத் தன் சாதனைகளில் இன்னும் சேர்க்கவில்லை.

விலக்கு

முதலைக்கு உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் பறவை. அந்த உறவுமுறையில் நாட்டுக்கோழியும் இந்நூலுக்குள் வருகிறது. முட்டை பொரிக்கத் தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட்: 37.5 டிகிரியில் 21 நாள். கோழி முட்டையைத் தினமும் புரட்ட வேண்டும். ஊர்வன முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடக்கூடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் பெட்டிக்காரர் முகம் வெளுக்கும். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாதிருந்த 2012இல் அந்த முகங்கள் நிரந்தரமாகவே வெளுத்திருந்தன.

அடைக்கோழியோ தினம் ஒரு தடவை எழுந்து, இரை பொறுக்கி, எச்சமிட்டு, மண்குளித்து வரும். முன்னறிவிப்பில்லாத இந்த மின்தடையை முட்டைகள் பொருட்படுத்துவதில்லை. கூடையில் தவிட்டைப் பரப்பி, இடி தாக்காமலிருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் செருகிவைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. அதற்குமேல் தொழில்நுட்பம் தேவைப்பட்டதில்லை.

சான்றோர் வாக்கு

கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா. நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945இல் வெளிவந்த நூலில் இயற்கையின் பொருளாதாரங்களைத் தரம் பிரித்து, தன் குஞ்சுக்காக உழைக்கும் தாய்ப்பறவையைச் சேவை என்னும் உச்சியில் வைத்தார். தெர்மாகோல் பெட்டி அந்த வரிசையில் எங்குமில்லை.

புறனடை

கரண்ட் திரும்பினால் பல்லி டியூப்லைட்டுக்குப் போகும். கோழி இருந்த இடத்திலேயே இருக்கும். “வந்துருச்சு!” என்று தெரு முழுக்கக் கத்துவது ஓர் இனம் மட்டுமே. அதை ஓம்பும் முறை இந்நூலில் அடங்காது.