நொடித்தவர்களின் மானம் காக்கும் அறைக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய சார்பு நீதிமன்ற ஆவணக் காப்பறையின் சமூகத்திற்கு, இவ்வூர்க் கடைத்தெருவில் வாடகை வாங்கி ஜீவனம் செய்துவரும் ஒரு சாமானியப் பிரஜை பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்துக் கட்டுகளின் க்ஷேமத்தை, அவற்றுள் முக்கியமாக ஒரே ஒரு கட்டின் க்ஷேமத்தை அறிந்துகொள்ள விரும்பியே இதை எழுதத் துணிந்தேன்.

எனக்குச் சொந்தமான கடை ஒன்று சில மாதங்களாகக் காலியாக இருக்கிறது. அதில் ஜவுளி வியாபாரம் தொடங்க உத்தேசித்திருக்கும் ஒரு கனவான், சலவை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து திண்ணையில் அமர்ந்து, கடைக்கு அவர் தரவேண்டிய அட்வான்ஸ் தொகையை என்னுடைய மூலதனப் பங்காகக் கணக்கில் வைத்துக்கொண்டு, அதற்குமேல் நானும் கொஞ்சம் போட்டால் என்னையும் கூட்டாளியாக்கிக்கொள்வதாகச் சொன்னார். அதாவது, அவர் எனக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை நான் அவருக்குக் கொடுத்துவிட்டதாக எழுதிக்கொள்வது என்பது ஏற்பாடு. இத்தகைய கணித மேதை ஒருவர் இத்தனை காலம் நம் ஊரில் பிரகாசிக்காமல் இருந்தது எப்படி என்று நான் வியந்துகொண்டிருக்கையில், அவர் பல வருஷங்களுக்கு முன் இதே ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் என்ற பேச்சு என் காதில் விழுந்தது. ஊர்ப் பேச்சை நம்பி ஒருவரைச் சந்தேகிப்பது பாவம். அதை நம்பாமல் பணத்தைக் கொடுப்பது, என் வீட்டாரின் அபிப்பிராயத்தில், அதைவிடப் பெரிய பாவம். இந்த இரண்டு பாவங்களுக்கும் இடையில் மனிதன் நிற்கும்போது அவனுக்கு உண்மையை எடுத்துச் சொல்வதற்கென்றே சர்க்கார் ஒரு ஸ்தாபனத்தை வைத்திருக்கிறது என்ற நம்பிக்கையோடு தங்கள் வாசலுக்கு வந்தேன்.

என் நம்பிக்கைக்குச் சட்டமே ஆதாரம். 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின்படி, கடனை அடைக்க இயலாதவரும், அந்தக் கடன் ஐந்நூறு ரூபாயை எட்டியவருமான எவரும், தம்மை நொடித்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தை வேண்டிக்கொள்ளலாம். ஐந்நூறு ரூபாய் என்பது அக்காலத்தில் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடிய தொகை. இன்று ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போய்விட்டு வந்தால் சரியாகிவிடும். ஆயினும் சட்டம் அந்தத் தொகையை நூறு ஆண்டுகளாக ஒரு காசு கூட்டாமல் காப்பாற்றி வருகிறது. அவ்வாறு அறிவிக்கப்பட்டவரின் பெயர், விலாசம், அறிவித்த தேதி ஆகியவற்றை அரசிதழில் பிரசுரிக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு விதிக்கிறது. நீதிமன்றத்தின் விடுவிப்பு உத்தரவு பெறாத நொடித்தவர், தம் நிலையைச் சொல்லாமல் யாரிடமாவது ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெற்றால், 72-ஆம் பிரிவின்கீழ் அவருக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அத்தகையவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்கலாகாது என்று அரசியல் சாசனத்தின் 191-ஆம் ஷரத்தும் சொல்லி வைத்திருக்கிறது. இவையெல்லாம் யாருடைய க்ஷேமத்தை உத்தேசித்து ஏற்பட்டவை? ஏற்கெனவே பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீதிமன்றமே நோட்டீசு அனுப்பிவிடுகிறது. இனிமேல் கொடுக்கப்போகிற, சம்பந்தமில்லாத, பெயர் தெரியாத அந்நியனை உத்தேசித்தே அரசிதழ்ப் பிரசுரம் முதலானவை ஏற்பட்டிருக்கவேண்டும். அந்த அந்நியன் நான்தான் என்று தங்கள் ஜன்னலில் நின்று அறிமுகம் செய்துகொண்டேன்.

தங்கள் குமாஸ்தா மிகவும் நல்லவர். எழுந்து நின்று பேசினார். மின்விசிறிக்கு அடியில் இருந்த ஸ்டூலைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அதன்பின் எங்களுக்குள் நடந்த சம்பாஷணையை வருங்காலத் தர்க்க சாஸ்திர மாணவர்களின் உபயோகத்திற்காக உள்ளபடியே தருகிறேன்.

“ஐ.பி. நம்பர் என்ன சார்?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தானே வந்தேன்.”

“அது கட்டுல இருக்கும்.”

“கட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

“தாராளமா. நம்பரைச் சொல்லுங்க, எடுத்துடலாம்.”

ஐ.பி. என்றால் நொடிப்பு மனு; அதன் நம்பர் இல்லாவிட்டால் வருஷமாவது தெரியவேண்டும் என்றார். அதுவும் மனுக் கொடுத்த வருஷம் அன்று, வழக்கு முடிந்த வருஷம், ஏனெனில் கட்டுகள் அந்த முறையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. வழக்கு முடிந்ததா, முடிந்ததென்றால் எப்படி முடிந்தது என்பதை அறிவதற்காக வந்தவன், அது முடிந்த வருஷத்தை முன்கூட்டியே அறிந்து வந்து சொல்லவேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை வகுத்தவர் யாரோ, அவர் நம் ஊர் ஜோதிடர்களின் ஜீவனத்தில் அக்கறை கொண்டவராக இருக்கவேண்டும்.

அடுத்தபடியாக, நான் வழக்கில் கட்சிக்காரனா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் மூன்றாம் நபர். மூன்றாம் நபர் நகல் கேட்டால், இன்ன காரணத்துக்காகக் கேட்கிறேன் என்று பிரமாணப் பத்திரம் இணைத்து மனுப் போட்டு, நீதிபதியின் உத்தரவு வாங்கவேண்டும். கட்சிக்காரன் காரணம் சொல்லவேண்டியதில்லை. விஷயம் தெரிந்தவனுக்குக் கேள்வியில்லாமல் நகல். விஷயம் தெரியாதவனுக்குப் பிரமாணம். காரணம் என்ற இடத்தில் நான் என்ன எழுதுவது? ‘மேற்படி கனவானிடம் எனக்கு நம்பிக்கையில்லை’ என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டால் அவர் என்மீது மானநஷ்ட வழக்குத் தொடரலாம். ‘நம்பிக்கையிருக்கிறது’ என்று எழுதினால் பிறகு நகல் எதற்கு என்று நீதிபதி கேட்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாயோடு விண்ணப்பித்தால் காரணமே சொல்லவேண்டியதில்லையே என்று, படித்த மகனைப் பெற்ற தைரியத்தில் கேட்டும் பார்த்தேன். 2005-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால், வழக்குக் கட்டுகளின் நகலை நீதிமன்ற விதிகளின்படியே பெறவேண்டும், மூன்றாம் நபர் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று, குஜராத் உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்திருப்பதை அங்கு நின்றிருந்த இளம் வக்கீல் ஒருவர் எனக்கு எடுத்துரைத்து, ஆலோசனைக் கட்டணம் வாங்காமல் போய்விட்டார். அவர் நெடுநாள் அந்தத் தொழிலில் நீடிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரில் தேடலாம் என்று குமாஸ்தாவே யோசனை சொன்னார். நீதிமன்ற இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு தேடுவதற்கு ஒரு பக்கம் இருக்கத்தான் இருக்கிறது. மூன்று எழுத்து கொடுத்தாலே போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்தில் அதுவும் வருஷத்தைக் கேட்கிறது. என் மகன் ஒவ்வொரு வருஷமாகப் போட்டுக்கொண்டே வந்தான். கனவானின் பெயர் சண்முகசுந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆங்கில எழுத்தில் பதிந்தவர் முதலெழுத்தை ‘எஸ்’ என்று நிறுத்தினாரா, பக்கத்தில் ‘எச்’ சேர்த்தாரா, நடுவில் பிளந்து இரண்டு பெயராக்கினாரா, இனிஷியலை முன்னால் போட்டாரா பின்னால் போட்டாரா என்பது அவரவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு புதிய சண்முகசுந்தரம் உற்பத்தியானார். சிலர் ஜப்தி வழக்கில் இருந்தார்கள். சிலர் விவாகரத்து கோரினார்கள். நம்மவர் மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்குமுன் முடிந்த கட்டுகள் அதில் ஏறியிரா என்று பிறகு சொன்னார்கள்.

இதே தேசத்தில் வேறொரு வகை நொடிப்பும் நடக்கிறது என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருவது என் கடமை. 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒரு கம்பெனி நொடித்தால், வழக்கு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திற்குப் போகிறது. அங்கு மனு ஏறுவதற்கு 2020-லிருந்து குறைந்தபட்சம் ஒரு கோடி ரூபாய் பாக்கி இருக்கவேண்டும். வழக்கு ஏற்கப்பட்டவுடன் கடன்காரர்களுக்கான பொது அறிவிப்பு நொடிப்பு வாரியத்தின் இணையதளத்தில் ஏறிவிடுகிறது. யாரும் காசு கொடாமல், காரணம் சொல்லாமல், வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். ஆயிரம் கோடியை ஏப்பம் விட்ட கம்பெனியின் விவகாரம் அம்பலத்தில் கிடக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு நொடித்த மனிதரின் விவகாரமோ அந்தப்புரத்துப் பெண்டிரைப்போல் சூரியனைக் காணாமல் இருக்கிறது. அந்தப் புதிய சட்டம் 1920-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை ரத்துச் செய்வதாகத் தன்னிடத்திலேயே ஒரு பிரிவை எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் விட்டிருக்கும் விசித்திரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது பெரிய இடத்து விஷயம்.

மேல்நாட்டை உதாரணம் காட்டுவேன் என்று தாங்கள் பயப்படவேண்டாம். அமெரிக்காவில் திவால் நீதிமன்றக் கட்டுகள் பொது ஆவணங்கள், நியாயமான நேரத்தில் கட்டணமின்றி யாரும் பார்வையிடலாம் என்று சட்டம் சொல்கிறது. அதே கட்டுகளை ‘பேசர்’ என்ற கணினி வழியாகப் பார்ப்பவர்களிடம் பக்கத்துக்குப் பத்து சென்ட் வாங்குகிறார்கள்; தேடி ஒன்றும் அகப்படாமல் போனாலும், அகப்படவில்லை என்று காட்டும் பக்கத்துக்கும் பத்து சென்ட் உண்டு. மூன்று மாதத்தில் முப்பது டாலருக்கு மேற்படாவிட்டால் தள்ளுபடி செய்துவிடுவார்களாம். அளவுக்கு மீறி வசூலித்ததாக வழக்கு நடந்து, கடைசியில் 12.5 கோடி டாலருக்கு ராஜியாக வேண்டியதாயிற்று. அங்கே கட்டைக் காட்டிக் காசு வாங்கினார்கள். தாங்கள் அதைச் செய்யவில்லை. கட்டைக் காட்டவே இல்லையாதலால் தங்கள் நாணயம் மாசற்றது.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் சமாதானம் செய்துகொள்ள முடியவில்லை. தங்கள் வளாகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், மேற்படி கனவானின் பெயரை நான் சொல்லி முடிப்பதற்குள், பாய்லரின் பின்னாலிருந்து, “ஐ.பி. கொடுத்தாரே அவரா?” என்று பதில் வந்தது. எத்தனை பேர் கடன்காரர்கள், யார் யார் வயிற்றெரிச்சலோடு செத்தார்கள், மனுக் கொடுப்பதற்கு முன்பு எந்த மைத்துனன் பெயருக்கு வீடு மாறிற்று என்பதெல்லாம் நான் பாதி டீ குடிப்பதற்குள் தெரியவந்தது. நம்பர் கேட்கவில்லை, வருஷம் கேட்கவில்லை, பிரமாணப் பத்திரமும் கேட்கவில்லை. விடுவிப்பு உத்தரவு கிடைத்ததா என்று கேட்டபோது மட்டும் அங்கிருந்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான், ஐயா, தங்களிடம் வந்தேன். வதந்தி அவரை ஆயுள் முழுவதும் திவாலாகவே வைத்திருக்கும். நீதிமன்றம் அவரை முறைப்படி விடுவித்திருந்தால், அதை ஊராருக்குச் சொல்லி அவர் மானத்தை மீட்டுக்கொடுக்கக்கூடிய காகிதம் தங்கள் அலமாரியில் ஏதோ ஒரு கட்டுக்குள், மூன்றாம் நபர்கள் கண்ணில் படாமல், பூச்சிகளுக்கு மட்டும் பார்வையிடும் அனுமதியோடு கிடக்கிறது.

ஆகையால் சமூகத்தைப் பிரார்த்திப்பது யாதெனில்: நொடித்தவர் பெயர், ஐ.பி. நம்பர், அறிவிக்கப்பட்ட தேதி, விடுவிக்கப்பட்டாரா இல்லையா என்ற நான்கே பத்தி கொண்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை, பெயர் வரிசையில், தமிழ் எழுத்தில் எழுதி, வராந்தாவில் பெஞ்சு ஓரமாகச் சங்கிலி போட்டு வைக்கும்படியும், கடன்காரர் பட்டியலையும் கணக்குப் புத்தகங்களையும் வேண்டுமானால் இன்னும் நூறு வருஷத்துக்குத் தாங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளும்படியும், அதுவும் இயலாதெனில் எதிர்ப்புறத்து டீக்கடைக்காரரைக் கௌரவ ஆவணக் காப்பாளராக நியமித்து, அவர் வாய்மொழிக்குக் கோர்ட்டு முத்திரை வைக்க உத்தரவிடும்படியும் வேண்டிக்கொள்கிறேன்.

இந்த விண்ணப்பத்துக்குக் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன். போதாமல் இருந்தால், வழக்கப்படி அறிவிப்புப் பலகையில் நம்பரைப் போட்டு மீதியைக் கேட்கலாம். குறித்த நாளுக்குள் கட்டிவிடுகிறேன். என் நம்பர் இன்னது என்று மட்டும் தயவுசெய்து முன்னதாகத் தெரிவிக்கவேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த மூன்றாம் நபர்