கல்லாப்பெட்டி எழுத்து

கே: கடையைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறான் மகன். எதைத்தான் எழுத?
– மரச்செக்கு எண்ணெய் விற்பவர், ஈரோடு

ப: அம்மணி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைப் போட்டு வையுங்கள். வருகிறவர் கேட்பதை அவர் வாயில் வந்தபடியே குறியுங்கள். ‘எண்ணெய் அடியில ஏன் கசடு தங்குது?’ ‘வடை போட்டா ஏன் நுரை பொங்குது?’ கேள்விக்கு ஒரு கட்டுரை. தலைப்பு, வாடிக்கையாளர் உபயம்.

கே: எழுத நேரம் எங்கே சார் இருக்கிறது?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

ப: அந்தோணி டிராலப் இங்கிலாந்தில் தபால் துறை அதிகாரி. விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். மொத்தம் 47 நாவல்கள். உங்களிடம் நாவல் கேட்கவில்லை அண்ணாச்சி, கடை திறக்குமுன் அரை மணி போதும்.

கே: எனக்குப் பேச்சு வரும், எழுத்து வராது.
– ஜவுளிக்கடை விற்பனையாளர், திருச்சி

ப: போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அது எழுத்தாக மாற்றித் தரும். பிறகு பாதியை வெட்டுங்கள். துணி கிழிக்கிற கைக்கு இது கஷ்டமா?

கே: கிரைண்டர் பராமரிப்பை நானே எழுதிச் சொல்லிக் கொடுத்துவிட்டால், சர்வீஸ் வருமானம் போய்விடாதா?
– கிரைண்டர் விற்பனையாளர், கோவை

ப: 1900-ல் பிரான்ஸ் முழுக்க 3,000 கார்கூடக் கிடையாது. டயர் விற்ற மிஷலின் சகோதரர்கள் ஒரு கையேடு போட்டார்கள், 35,000 பிரதி, இலவசம்! டயரை எப்படி மாற்றுவது, பெட்ரோல் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம், எல்லாம் அதில் இருந்தது. மக்கள் ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் கடைக்கு வருவார்கள். இதுதான் கணக்கு. 1920 வரை காசு வாங்கவில்லை.

அவர்களுக்கும் மூத்தவர், கலப்பை விற்ற ஜான் டீர் கம்பெனி. விவசாயிகளுக்காக 1895-ல் தொடங்கிய அதன் பத்திரிகை இன்றும் வருகிறது. டிராக்டர் புராணம் பாடாமல், மண்ணையும் மகசூலையும் பேசியதுதான் ஆயுள் ரகசியம். பெல்ட் மாற்றுவதை நீங்கள் தாராளமாக எழுதுங்கள். படித்தவரில் பாதிப்பேர், ‘நீங்களே வந்து மாட்டிடுங்க’ என்றுதான் போன் செய்வார்கள்.

கே: கட்டுரை எவ்வளவு நீளம் இருக்கலாம்?
– பேக்கரிக்காரர், நாகர்கோவில்

ப: பஸ்ஸுக்கு நிற்பவர் பஸ் வருமுன் படித்து முடிக்கிற நீளம்.

கே: ‘தரம், நம்பிக்கை, பாரம்பரியம்’ என்று தலைப்பு வைத்தேன். ஒருவரும் சீண்டவில்லை.
– நகைக்கடைக்காரர், மதுரை

ப: தெருவில் எல்லா போர்டிலும் அதுதானே இருக்கிறது? 1958-ல் ரோல்ஸ் ராய்ஸுக்கு விளம்பரம் எழுதிய டேவிட் ஒகில்வி, தலைப்பில் சொகுசு என்று சொல்லவில்லை. 60 மைல் வேகத்தில் போனாலும் காருக்குள் கடிகாரச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும் என்றார். கண் எண்ணைப் பார்த்தால் நிற்கும். ‘916 என்றால் என்ன?’ என்று வையுங்கள். 1000 பங்கில் 916 பங்கு தங்கம் என்று ஆரம்பியுங்கள். மீதி 84 பங்கு என்ன என்று அவரே கேட்பார்.

கே: ‘சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்’ என்று எழுதலாமா?
– நாட்டு மருந்துக் கடைக்காரர், சேலம்

ப: கூடாது. ‘குணமாகும்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954-ம் வருடச் சட்டம் தடுத்த நோய்ப் பட்டியலில் நீரிழிவும் உண்டு. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. அதைவிடப் பெரிது, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

கே: ஏஐ-யிடம் எழுதி வாங்கிவிடலாமா?
– பல் மருத்துவர், திண்டுக்கல்

ப: பிழை திருத்தட்டும், தடுக்கவில்லை. ஆனால் ‘மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடுமா டாக்டர்?’ என்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பயந்த பாட்டியைப் பார்த்தவர் நீங்கள். போகாது என்று உங்கள் பாணியில் எழுதுங்கள். பாட்டிகள் நிம்மதியாக வாயைத் திறப்பார்கள்.

கே: எழுத்தும் வியாபாரமும் ஒட்டுமா?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

ப: 1928-ல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் விளம்பரத் தொழிலில் இருந்தவர். அமிர்தாஞ்சனம் கண்ட நாகேஸ்வர ராவ், ஆந்திர பத்திரிகாவையும் நடத்தியவர். நன்றாகவே ஒட்டும், தைலம் மாதிரி!

கே: மூன்று கட்டுரை போட்டேன். லைக் வரவில்லை, நிறுத்திவிட்டேன்.
– நர்சரிக்காரர், ஓசூர்

ப: மூன்று மாதத்தில் தென்னை காய்க்கவில்லை என்று வெட்டுவீர்களா? கிழமை ஒன்றைக் குறித்துக்கொண்டு அன்று தவறாமல் போடுங்கள். லைக்கை எண்ணாதீர்கள். ‘நீங்க எழுதினதைப் பார்த்தேன்’ என்று கடைக்கு வந்தவர்களை எண்ணுங்கள்.

கே: அப்பா நாற்பது வருடமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். எல்லாம் தெரியும், எழுதத்தான் மாட்டார்.
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

ப: அவர் சொல்ல, நீ எழுது அம்மா. அவர் தலையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே எதிரில் உட்கார். முதல் கேள்வி: ‘புளிக்குழம்பு வைக்கிற பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன்ப்பா ஈயம் பூசணும்?’