பழமலைக்கு ஒரு பேக்கேஜ் டூர்

டூர் கம்பெனிக்காரர்கள் விற்கிற சரக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான்: கொஞ்சம் மலை, கொஞ்சம் ஏரி, நடுவில் ஒரு பழைய ஊர். இதையெல்லாம் சுவிட்சர்லாந்தில் பார்த்து முடித்துவிட்டு, கம்பெனி கொடுத்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் விருத்தாசலத்தில் வந்து இறங்கினான் என் மைத்துனன். “உங்க ஊர்ல பார்க்க என்ன மாமா இருக்கு?” என்று ஒரு கேள்வி வேறு. விடலாமா? நானே கைடு என்று கிளப்பிவிட்டேன்.

முதலில் மலை. ஊருக்கே பழமலை என்று பெயர். திருவண்ணாமலைக்கும் மூத்தது என்பது எங்கள் கட்சி. பழமலைநாதர் கோயில் வாசலில் நின்று நாலு பக்கமும் கழுத்தைத் திருப்பினான். எங்கும் சமதரை.

“மலை எங்க மாமா?”

“பூமிக்குள்ள அமுங்கிடுச்சு.”

நம்பவில்லை. ஆழத்துப் பிள்ளையார் சன்னதிக்கு 18 படி இறக்கிக் காட்டினேன். மலை என்றால் ஏறித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கேபிள் கார் காசும் மிச்சம்.

கைடு என்றால் எனக்குச் சுந்தரர் கதைதான் ஞாபகம் வரும். கூடலையாற்றூருக்குள் போகாமல் நேரே முதுகுன்றம், அதாவது எங்கள் ஊருக்கு, வரப் பார்த்தார் மனுஷர். எதிரே சிவபெருமான் அந்தணர் வேஷத்தில் நின்றார். முதுகுன்றத்துக்கு வழி கேட்டால், “இது கூடலையாற்றூர் போகிற வழி” என்று சொல்லி, துணைக்கும் வந்து, ஊர் வந்ததும் மறைந்துவிட்டார். வண்டியைக் கமிஷன் கடைப் பக்கம் திருப்பும் கைடுகளுக்கெல்லாம் அவர்தான் ஆதிகுரு.

அப்புறம் இங்கே வந்து 12,000 பொன் வாங்கிய சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். மைத்துனன் பாலத்தில் நின்று மணலையே வெறித்தான். “எனக்கு ஒவ்வொரு தடவை காசு எடுக்கும்போதும் சார்ஜ் பிடிச்சாங்க மாமா” என்றான்.

ஏரிக்கு வீராணம். சோழர் வெட்டியது, வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை என்று மூச்சுப் பிடித்துச் சொன்னேன். அவன் சென்னைக்காரன். “இந்தத் தண்ணிதானே எங்க வீட்டுக் குழாயில வருது? இதைப் பார்க்கவா பெட்ரோல் போட்டோம்?”

மறுநாள் செராமிக் பட்டறை. கூழாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, சற்றுப் பொறுத்து மிச்சத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ள, ஓரத்தில் ஒட்டி நிற்கிற தோல்தான் பொம்மை. அச்சைப் பிரித்ததும் பிள்ளையாருக்குக் காதிலிருந்து பாதம்வரை ஒரு தையல்கோடு. ஓர் அம்மா அதை பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் ஒற்றினார்.

“வயிறு காலியா இருக்கே!”

“சூளைக்குப் போறவருக்குக் காலியாத்தான் இருக்கணும் தம்பி. கனமா இருந்தா வெடிச்சிடும்.”

மதியம் மூன்று மணி ஆகியும் சாப்பாட்டுப் பேச்சே எடுக்காத கைடை அவன் ஒரு பார்வை பார்த்தான்.

பேச்சை மாற்ற, எங்கள் ஊர் ஆளும் ஃபாரின் போனவர்தான் என்றேன். கோயிலில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையைத் திருடிக் கடத்த, 2004இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் அதை விலைக்கு வாங்கியது. 2014இல் அந்த நாட்டுப் பிரதமர் டோனி அபாட்டே டெல்லிக்கு வந்து மோடியிடம் ஒப்படைத்தார். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, திரும்பும்போது துணைக்குப் பிரதமர்! எந்தப் பேக்கேஜில் இது கிடைக்கும்?

கடைசியாக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். இங்கே முருகனிடம் பிராது கட்டலாம்: குறையைக் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டால் அவர் விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது நம்பிக்கை. மைத்துனனுக்கு இது மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. தூண் ஓரமாக உட்கார்ந்து, காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நிறைய எழுதினான். டூர் கம்பெனிக்காரன் மேலே என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

நடுவில் தலையைத் தூக்கி, “மாமா, உங்க வீட்டுக்குப் பழைய நம்பர் போடறதா, புது நம்பரா?” என்றான்.