ஒன்றரை கட்டிங்

என் இரைப்பையின் புதுக் கொள்ளளவை விளக்க டாக்டர் ரொம்பவே மெனக்கெட்டார். படம் போட்டுக் காட்டினார். நன்றாக விரிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கிற பை அது. அதில் முக்கால் பங்கை நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்டேப்ளர் அடித்து வாழைப்பழம் மாதிரி ஆக்கிவிடுவோம், நூறு நூற்றைம்பது மில்லி நிற்கும் என்றார். எனக்கு மில்லிக் கணக்கு ஓடவில்லை. மும்பைக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷமான என் மனைவிதான் பக்கத்திலிருந்து சொன்னாள்: "ஒன்றரை கட்டிங் சாயாங்க."

டாக்டர் கண்ணை மூடி, அரை டீ பிடிக்கிற ஒரு கட்டிங் கிளாஸை மனசுக்குள் அளந்து பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார்.

அப்போது நான் 127 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. 45. படிக்கிற காலத்தில் கணக்குப் பரீட்சையில் கூட அவ்வளவு வாங்கியதில்லை. சர்க்கரை, பிரஷர், குறட்டை எல்லாம் துணைப்பாடங்கள். ஆபரேஷனுக்கு வீட்டைச் சம்மதிக்க வைக்க அரசியலைத்தான் துணைக்கு அழைத்தேன். 2011இல் நிதின் கட்கரி மும்பைக்கு வந்து எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டார், 2014இல் அருண் ஜெட்லி டில்லியில் செய்துகொண்டார் என்றேன். தாராவியிலிருந்து வந்திருந்த அத்தை, "அவுகளுக்கு ஆக்கிப்போட ஆளு இருந்திருக்காது மருமவனே, ஒனக்கு நான்லா இருக்கேன்" என்றாள். நோயின் காரணமே தன்னைச் சிகிச்சையாகச் சிபாரிசு செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, 90 அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் முப்பது வருஷம் இட்லி அவித்தவள். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவாள். விடிந்ததும் அலுமினியத் தூக்கோடு பையன்கள் வந்து வாங்கிப்போய் நகரமெல்லாம் விற்பார்கள். இரண்டு மகன்களை இட்லியிலேயே கரையேற்றியவள். ஆபரேஷனுக்குப் பிறகு டயட்டீஷியன் பெண், "தினம் அறுபது கிராமாவது புரோட்டீன் வேணும், ஒரு இட்லியில ரெண்டு கிராம்தான் இருக்கு" என்று சொன்னபோது அத்தை முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். வியாபாரி அல்லவா, கண நேரத்தில் கணக்குப் போட்டுவிட்டாள். "அப்ப முப்பது இட்லி. நான் தாரேன்."

ஆபரேஷன் என்பது ஒன்றரை மணி நேர வேலை. அதற்கப்புறம் அடுத்தவர்களின் கணக்கோடு மல்லுக்கட்டுவதுதான் ஆயுசு பூராவுக்குமான வேலை. என் வயிறு சுருங்கியது எனக்குப் புரிந்துவிட்டது, வயிற்றுக்கே புரிந்துவிட்டது. பசியைக் கிளப்புகிற க்ரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுத்த அந்த மேல்பாகத்தில்தானாம். அதனால் முதல் ஆறு மாசம் பசி என்பதே ஊரில் இருக்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி, ஞாபகம் இருந்தது, வரவில்லை. புரியாதது மற்றவர்களுக்குத்தான். முக்கியமாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் இடங்களில்.

எனக்கு முதல் தீம் பார்க் மாட்டுங்காதான். பானிப்பட்டு யுத்தம் நடந்த வருஷம் மறந்துபோய்விட்டது. ஆனால் அங்கத்து ஓட்டல்கள் திறந்த வருஷங்களை, ராமாஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராமநாயக் 1942 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு நிற்பதும், கூப்பிட்டதும் முகம் தெரியாதவர்களோடு நெருக்கி உட்காருவதும், இறங்கின கையோடு அடுத்ததற்கு ஓடுவதும் ராட்டினம் அல்லாமல் வேறென்ன? அங்கே ராகி தோசை, அந்தப் பக்கம் ராமாஷ்ரயாவில் அன்னாசிப்பழக் கேசரி, மத்தியானம் ராமநாயக்கில் வாழையிலை. ஒரே நாளில் மூன்றும் ஏறி இறங்கியிருக்கிறேன். பாதுகாப்புக் கம்பி கூட இல்லாமல்.

அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சின்ன அட்டை ஒன்று தருவதுண்டு. இவருக்கு வயிற்றில் அறுவை நடந்திருக்கிறது, குழந்தைகளுக்கான அளவில் பரிமாறவும் என்று ஓட்டலில் நீட்டுவதற்கு. எனக்கும் ஆசை வந்து, நானே ஒன்று அச்சடித்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் நீட்டினேன். உடுப்பிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வாங்கிக் கண்ணாடியை ஏற்றி நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வந்தவர், எல்லாருக்கும் வைப்பதை எனக்கும் வைத்துவிட்டு, கேட்காமலே இரண்டு கிண்ணம் பாயசம் அதிகமாக வைத்தார். "ஆபரேஷன் ஆன உடம்பு. தெம்பு வேணும் சார்." அந்த அட்டையை இப்போது புத்தகத்துக்குள் அடையாளம் வைக்கப் பயன்படுத்துகிறேன்.

இந்த நிலையில்தான் போன பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் போகவேண்டும் என்றாள் மகள். எங்கள் தலைமுறைக்கு எஸ்ஸெல்வேர்ல்டு என்றாலே போதும். 1989இல் கோராயில் திறந்தது. கரையிலிருந்து படகில் போவோம். வீட்டுக்கே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற அதன் விளம்பரப் பாட்டைப் பாடாத பிள்ளை அன்றைய பம்பாயில் கிடையாது. 1991இல் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது, படகில் வாந்தி எடுத்த மூன்று பேருடைய பூரி-பாஜிப் பொட்டலங்களையும் நான்தான் காலிசெய்தேன். பார்க்கில் என்னென்ன ராட்டினம் இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. உருளைக்கிழங்கில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆனால் பிறகு வந்த ஒரு பயணத்தை மறக்க வழியில்லை. எட்டு வருஷம் முன்பு, வேறொரு ஊர், வேறொரு பூங்கா. மகளுக்கு எட்டு வயது. ரோலர் கோஸ்டரில் நெஞ்சுக்குக் குறுக்கே இறங்கும் கம்பி 'க்ளிக்' என்று பூட்டவேண்டும். எனக்குப் பூட்டவில்லை. ஒரு பையன் அழுத்தினான். இன்னொருவன் வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து, சூட்கேஸ் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப் போடுவது மாதிரி முயன்றார்கள். வண்டி முழுக்க ஜனம் காத்திருந்தது. கடைசியில் நான் இறங்கினேன். மகளும் இறங்கினாள். தனக்கும் தலை சுற்றுவதாகச் சொன்னாள். வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்கப்புறம் பேசியதில்லை. இப்போது நான் 84 கிலோ.

இந்த முறை போன பூங்காவின் பெயர் வேண்டாம். அங்கே வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. குழந்தை உணவும் மருந்தும் மட்டும் போகலாம். நான் டாக்டர் கடிதத்தோடு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வைத்திருந்தேன். செம்பூர் சேடா நகரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அத்தை தோளில் ஒரு மஞ்சள் பை தொங்கியதைக் கவனித்தேன், கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்தான். அவித்த முட்டை நாலு, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு தூக்கு, பொங்கலுக்கு வந்த பனங்கிழங்கு ஒரு கட்டு, முறுக்குச் சம்படம் ஒன்று.

"யே க்யா ஹை, ஆயி?"

அத்தை என் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தவாய் ஹை. சப் தவாய் ஹை. பேட் காட் தியா இஸ்கா."

எல்லாம் மருந்து, வயிற்றை அறுத்துவிட்டார்கள் என்றதும் பின்னால் நின்ற ஒரு குஜராத்திக் குடும்பம் எனக்கு இடம்விட்டு ஒதுங்கியது. செக்யூரிட்டி பனங்கிழங்கு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தான். எந்த அலோபதியிலும் இல்லாத தோற்றம். ஆயுர்வேதம் என்று நினைத்திருப்பான். முட்டைக்கும் சுண்டலுக்கும் கிழங்குக்கும் அனுமதி கிடைத்தது. முறுக்குக்கு மட்டும் டோக்கன் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். முறுக்கு எந்த வியாதிக்கான மருந்து என்று அத்தை விளக்க ஆரம்பித்தபோது மனைவி இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிக்கெட்டோடு மத்தியானம் பஃபே. தலைக்கு 600 ரூபாய். உயரம் குறைந்த குழந்தைகளுக்குப் பாதி. வயிற்றின் உயரத்தைப் பார்த்து டிக்கெட் போடும் நாகரிகம் இன்னும் வரவில்லை. நான் பனீர் இரண்டு துண்டு, தால் சில கரண்டி, ஆகமொத்தம் எட்டுக் கரண்டியில் நிறுத்தினேன். கரண்டிக்கு 75 ரூபாய் என்று மனைவி வாய்விட்டே வகுத்தாள். பக்கத்து மேசைக்காரர் மூன்றாவது தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமை அல்ல. ரிட்டயரான கிரிக்கெட்காரன் மைதானத்தைப் பார்க்கிற பார்வை. ஸ்டான்ஸ் சரியில்லை. சோற்றில் ஆரம்பித்திருக்கக் கூடாது.

அந்தக் கர்வத்தில்தான் புத்தி பிசகியது. 600 ரூபாயில் ஒரு நூறையாவது மீட்போம் என்று இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டேன். சர்க்கரை அப்படியே சரசரவென்று சிறுகுடலில் இறங்கி, உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். டம்பிங் என்று பெயர். பத்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, ஒரு பெஞ்சில் மல்லாந்தேன். கடந்துபோன ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன் தன் அப்பாவிடம், "அங்கிள் பயந்துட்டார், நான் பயப்படலை" என்று இந்தியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனான். பூங்கா ஊழியர் ஒருவர் ஓடிவந்து எந்த ராட்டினம் என்று கேட்டார். ஜாமூன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரிய கோஸ்டரைக் கை காட்டினேன்.

அரை மணியில் தெளிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கண்டுபிடிப்பு. எங்கள் ஆசாமிகளுக்கு விதிகள் இரண்டு: ஒரு வாய்க்கு இருபது முப்பது தடவை மெல்லவேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். மேசையில் உட்கார்ந்தால் இது நடக்காது, சுற்றியுள்ளவர்கள் முடித்துக் கைகழுவி நம் வாயையே பார்ப்பார்கள். ஆனால் தீம் பார்க்கில் இன்னொன்று தாராளமாகக் கிடைக்கிறது, அதுதான் வரிசை. பெரிய கோஸ்டருக்கு ஐம்பது நிமிஷம். யாருக்கும் அவசரமில்லை, யாரும் என் தட்டைப் பார்ப்பதில்லை, தட்டே கிடையாது. அத்தை பையிலிருந்து ஒரு முட்டை. ஆறு கிராம். பத்தடி நகர்ந்ததும் கொஞ்சம் சுண்டல். அப்புறம் பனங்கிழங்கு. அதில் நார் உண்டு, பார்த்துச் சாப்பிடு என்று டயட்டீஷியன் எச்சரித்திருக்கிறாள். நார் உரித்து உரித்து, விரல் நீளத்துண்டை மெல்லவே வரிசையின் இரண்டு வளைவுகள் ஆயின. ஆபரேஷனுக்கு அப்புறம் அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டதே இல்லை. முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் இது என்ன என்று கேட்க, அத்தை அவர்களுக்கும் ஆளுக்கொன்று உரித்துக் கொடுத்தாள். மருந்து தீர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் முறை வந்தது. மகள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கம்பி இறங்கியது.

க்ளிக்.

ஊழியப் பையன் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டான். மகள் அந்தப் பக்கம் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் என் கை மேல் இருந்தது. அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை; கண்ணை மூடிக்கொண்டேன், முருகா என்று கத்தினேன். சேடா நகர்க் கோயிலின் நூற்றெட்டுப் படியும் ஒரே வீச்சில் வந்துபோயின.

கீழே இறங்கி வந்தால் அத்தை சிமெண்டுத் திட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மூஞ்சி வெளுத்துப்போச்சே மருமவனே. பசிக்கா?"

"தண்ணிதான் வேணும் அத்தை."

பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பனங்கிழங்கு முடிந்து இருபத்தாறு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"அதுக்குள்ள இந்த முட்டையைத் தின்னுரு" என்று பைக்குள் கையை விட்டாள்.