சொந்த மண், சலித்த மண்

பெங்களூரில் வீடு கட்டிக் குடியேறிய கோலார் தங்கவயல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொந்த மண் ஞாபகம் வந்துவிடும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாரிக்குப்பம் ரயிலில் ஏறிவிடுவார்.

மண் என்று அவர் சொல்வதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, பாதாளத்திலிருந்து பாறையை ஏற்றி, மாவாய் அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய சக்கைதான் அது. இன்று சாம்பல் குன்றுகளாய் நிற்கிறது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தாத்தாக்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியது. தங்கம் போன இடம் வேறு; குன்று மட்டும் பேரன்களுக்கு.

“இங்கேதான்டா சறுக்கி விளையாடுவோம்!”

பிள்ளைகளுக்கு அதில் அக்கறையில்லை. ‘கே.ஜி.எஃப்’ படம் எடுத்த இடம் எது என்று கேட்கிறார்கள். அப்பா முகம் சுண்டிப்போகிறது. காற்றடித்தால் மண்வாசனையைத் தேடிப் போகவேண்டாம். மண்ணே மூக்குக்குள் வந்துவிடும்.

திரும்பும்போது வழக்கமான பெருமை ஒன்று பாக்கி: சிவசமுத்திரம் மின்சாரம் தங்கவயலுக்கு 1902இலேயே வந்துவிட்டது, பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு 1905இல்தான். உண்மைதான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊரில் பாதி, பிழைப்புக்காக விடியுமுன்னே ரயிலேறி அந்தப் பெங்களூருக்கே போய்வருகிறது.