மூக்கை எங்கே வைப்பது?

போன மாதம் ஒரு வாசகர் வண்டிக்கு மாட்டும் ஸ்நார்க்கல் பற்றிக் கேட்டாலும் கேட்டார், நெய்வேலியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. கேட்டவர்களின் ஊரை மட்டும் போடுகிறேன். வீட்டுக்குத் தெரியாமல் ஆர்டர் கொடுத்தவர்கள் அவர்களில் பலர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முந்திரிக்காட்டு மண்பாதையில் தார் ஜீப் ஓட்டுகிறோம். ஸ்நார்க்கல் போட்டால் இன்ஜினுக்குள் தூசியே போகாதாமே? (நெய்வேலி, வட்டம் 19)

யார் சொன்னது? விற்கிறவரா? தூசியைத் தடுப்பது ஏர் ஃபில்டர். ஸ்நார்க்கல் என்ற குழாய் செய்வதெல்லாம் இன்ஜின் மூச்சு வாங்கும் இடத்தை பானெட் பக்கத்திலிருந்து கூரை மட்டத்துக்குத் தூக்குவதுதான். முன்னால் போகிற வண்டியின் டயர் வாரி இறைக்கும் கனமான மணல் கீழேயே நின்றுவிடும். கூரை உயரத்தில் வருவது லேசான தூசி. ஆகவே ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. இது உண்மையான லாபம்தான், மறுக்கவில்லை.

ஆனால் நான்கு வண்டி வரிசையாகப் போகும்போது நான்காவது வண்டிக்குக் கூரை மட்டமும் புழுதிதான். அங்கே உதவுவது இடைவெளி. முன்வண்டியின் புழுதி அடங்கும்வரை பின்தங்கிப் போங்கள். இதற்குக் காசு கிடையாது. அதனால்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

எல்லா ஊரிலும்தான் தூசி இருக்கிறது. நம்ம ஊர்த் தூசிக்கு மட்டும் என்ன தனிப் பெருமை? (மந்தாரக்குப்பம்)

பெருமை இல்லாமலா! 1957 மே மாதம் நேரு வந்து நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் வெட்டியது வெறும் மேல்மண். இன்றும் ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது.

அந்த மேல்மண்ணில் பெரும்பகுதி கடலூர் மணற்கல். அதில் இருப்பது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. ஜெர்மன் வாளிச் சக்கர இயந்திரங்கள் வந்து இறங்கியபோது அவற்றின் எஃகுப் பற்களையே தேய்த்துக் காட்டிய மண் இது. முதலில் வெடி வைத்து இளக்கி, அப்புறம்தான் சக்கரத்தை விட வேண்டியிருந்தது. எஃகுப் பல்லையே தின்ற மண்ணுக்கு உங்கள் பிஸ்டன் ரிங் எம்மாத்திரம்? மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. சாதாரண இரும்பு அதற்குக் கீழேதான். நிலக்கரித் தூள் சட்டையைக் கறுப்பாக்கும், ஆனால் அது மென்மையானது. இன்ஜினை அரைப்பது மணல்தான். அதிலும் கண்ணுக்குத் தெரியாத, ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையிலான துகள் சிலிண்டருக்கும் ரிங்குக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். ஆயில் குறையும், நீலப்புகை வரும், அப்புறம் மெக்கானிக் உங்களை ‘வாங்க சார்’ என்று எழுந்து நின்று வரவேற்பார்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். முன்பக்கம் வாய் திறந்த தலை வாங்கவா, காளான் மாதிரி இருக்கிற தலை வாங்கவா? (நெய்வேலி, வட்டம் 5)

முன்பக்கம் வாய் திறந்ததை ‘ராம் ஹெட்’ என்பார்கள். ஓட்டத்தில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளி பவர் கூட்டும் என்று கடைக்காரர் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் கூடுதல் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. டர்போ இதைக் கேட்டால் சிரிக்கும். மழைத்தண்ணீர் வடிய அந்தத் தலையின் பின்பக்கம் துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். தார்ச்சாலையில் அதிகம், மண்ணில் கொஞ்சம் என்று ஓட்டுகிறவருக்கு அது போதும்.

புழுதியிலேயே பிழைப்பு என்றால் காளான்தான். உள்ளே சாய்வான தகடுகள் காற்றைச் சுழற்றிவிடும். சுழலும்போது கனமான தூசி ஓரத்துக்கு ஒதுங்கிக் கிண்ணத்தில் விழும், அல்லது வெளியே எறியப்படும். கிண்ணம் வைத்ததில் கோட்டைத் தாண்டி நிரம்பும் முன் கொட்டிவிட வேண்டும். மறந்தால் அது வெறும் அலங்காரம். காற்று வேகமாகப் போனால்தான் நன்றாகச் சுழலும் என்பதால், ஐடிலில் நிற்கிற வண்டிக்கு இதனால் பெரிய பயன் கிடையாது.

குழாயின் உள்வாய் கம்பெனி கொடுத்த வாயைவிடச் சிறுத்துவிடக் கூடாது. தார் டீசலின் 2.2 லிட்டர் இன்ஜின் 3,500 ஆர்பிஎம்-மில், டர்போவைச் சேர்க்காமலே, நிமிடத்துக்குச் சுமார் 3,800 லிட்டர் காற்றை இழுக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேரின் மூச்சு அது. ஐந்நூறு பேருக்கு ஒரு ஸ்ட்ரா கொடுத்தால் என்ன ஆகும்?

அதற்காகப் பெரிதாக வைத்தாலும் வம்புதான். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு மணலுக்காக மூக்கின் கீழ் பெரிய ‘வோக்ஸ்’ ஃபில்டர் மாட்டினார்கள். இன்ஜின் பிழைத்தது, விமானத்தின் வேகம் குறைந்தது. எகிப்தில் அபூகிர் என்ற இடத்துப் பட்டறைக்காரர்கள் அதைவிடச் சின்னதாக ஒன்றைச் செய்து மாட்டிய பிறகே விமானிகளின் முணுமுணுப்பு தணிந்தது. நம் ஊரில் வேகம் பிரச்சினை இல்லை, முந்திரிக் கிளைதான் பிரச்சினை. முந்திரி மரம் தாழ்ந்து படரும். கூரைக்கு மேல் நீட்டிய தலையைக் கிளை பிடுங்கிக்கொண்டு போவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் அரை கிலோமீட்டர் தள்ளித்தான் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் டிராக்டர் பானெட் மேல் முப்பது வருஷமாக இந்தச் சமாச்சாரம் இருக்கிறது. டவுன் பிள்ளைகள் ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி ஆடுகிறார்களே? (விருத்தாசலம் அருகே, விவசாயி)

வணக்கம் ஐயா. இந்த விஷயத்தில் நீங்கள்தான் மூத்தவர். பானெட்டுக்கு மேலே குழாய், அதன் தலையில் கிண்ணம், கீழே ஆயில் பாத் என்று உங்கள் டிராக்டரில் மூன்று காவல். ஆயில் பாத்தில் காற்று எண்ணெய்மேல் மோதித் திரும்பும், தூசி எண்ணெயிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய மகிந்திரா ஜீப்பிலும் இதுதான் இருந்தது. உழவு நாட்களில் தினமும் திறந்து பாருங்கள். அடியில் சேறு கட்டியிருந்தால் எண்ணெயை மாற்றுங்கள். கோட்டுக்குமேல் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதிகம் ஊற்றினால் டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே உறிஞ்சிக்கொண்டு தானாக ஓட ஆரம்பித்துவிடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

என் வீட்டுக்காரர் வண்டிக்கு மூக்கு வைக்கப் பணம் சேர்க்கிறார். எனக்கு மூக்குத்தி கேட்டு நாலு வருஷம் ஆகிறது. (இந்திரா நகர்)

தாயே, உங்கள் கட்சிதான் நான். முதலில் மூக்குத்தி.

மாட்டியாகிவிட்டது. சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வடலூர்)

நல்ல கேள்வி, யாரும் கேட்காத கேள்வி. ஃபெண்டரில் ஒட்டிவிட்டு உள்ளே எதோடும் சேர்க்காத டம்மிகளும் ஊரில் ஓடுகின்றன. வண்டியை ஐடிலில் வைத்து, தலையைக் கழற்றிவிட்டு, குழாய் வாயைக் கெட்டியான ரப்பர் பாயால் மூடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால் வேறெங்கோ மூச்சு வாங்குகிறது என்று பொருள். முதலில் ஏர் பாக்ஸின் அடியைப் பாருங்கள். தண்ணீர் வடிய அங்கே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஒருவழி ரப்பர் வால்வு போடாமல் விட்டால், கூரையில் வாயை வைத்துவிட்டு டயர் பக்கத்துப் புழுதியைக் குடிக்கும்.

இன்னொரு சோதனை. வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். துணி சிவந்தால் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை. அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

பிரஷர் ஏர் அடித்து வாரம் ஒருமுறை ஃபில்டரைச் சுத்தம் செய்கிறேன். சரிதானே? (குறிஞ்சிப்பாடி)

பாசம் புரிகிறது, ஆனால் கொலை செய்கிறீர்கள். காகித ஃபில்டரில் லேசாகத் தூசி படிந்த பிறகுதான் அது இன்னும் நுணுக்கமாக வடிகட்டும். காற்றடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அடைத்துப்போனதும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் மாட்டலாமா என்று அடுத்த வரியில் கேட்டிருக்கிறீர்கள். காற்று தாராளமாகப் போகும், தூசியும்தான். நம் மண்ணுக்கு வேண்டாம்.

2015 மாதிரி வெள்ளம் வந்தால் ஸ்நார்க்கல் போட்ட வண்டியில் பரவனாற்றைக் கடக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

வேண்டாம் என்பதே நல்ல அறிகுறி. தாருக்குக் கம்பெனி சொல்லும் நீர் ஆழம் 650 மில்லிமீட்டர். ஸ்நார்க்கலோடு ஆலையிலிருந்தே வரும் ஃபோர்ஸ் கூர்க்காவுக்கே 700-தான். மூக்கு கூரையில் இருந்தாலும் ஆல்டர்நேட்டர், வயரிங், ஆக்சில் பிரீதர் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஒரு மூட்டு கசிந்து தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். அதைவிடப் பெரிது ஓடும் தண்ணீர். 30 சென்டிமீட்டர் ஓட்டமே சின்னக் காரைத் தூக்கிவிடும். ஆற்றோரம் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அனல்மின் நிலையச் சாம்பல் லாரி பின்னால் தினமும் பைக்கில் போகிறேன். எனக்கு என்ன ஸ்நார்க்கல்? (நெய்வேலி)

உங்களுக்கு வேண்டியது என்95 மாஸ்க். இன்ஜினுக்குப் புது ரிங் போடலாம், நுரையீரலுக்கு முடியாது. லாரியை முந்தப் பார்க்காதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

போலீஸ், ஆர்டிஓ தொந்தரவு வருமா? (பண்ருட்டி)

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தார்கள். ஆலையிலிருந்தே பொருத்தி வந்தால் கவலையில்லை. வெளியே மாட்டுவதென்றால் ஃபெண்டரை வெட்ட வேண்டும், வாரண்டிக்காரர் முகம் திருப்புவார், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் கேளுங்கள். பதில் கையில் வரும்வரை டிரில்லிங் மெஷினை இரவல் கொடுத்த நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவையுங்கள்.