மெயிலில் வந்த போட்டோவை கேலரியில் சேமிப்பது எப்படி? ஒரகடம் முறை, பத்துப் படிகளில்

கஸ்டமரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. தலைப்பிலேயே ‘அர்ஜென்ட்’. உள்ளே இரண்டு வரி, ஒரு போட்டோ. உங்கள் கம்பெனி அனுப்பிய பிராக்கெட்டில் கீறல். முடி அளவுக்குத்தான், ஆனால் கீறல். அதை லைனில் நிற்கும் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். காட்ட வேண்டுமானால் போட்டோ உங்கள் போனில் இருக்க வேண்டும்.

பதறாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்பேட்டைகளில், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை, நாம் எல்லோரும் தினமும் செய்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. செய்வதையே கொஞ்சம் திருத்தமாகச் செய்தால் போதும்.

தேவையான பொருட்கள்: ஏறக்குறைய நிரம்பிவிட்ட போன் ஒன்று, துடைக்காத மானிட்டர் ஒன்று, வாட்ஸ்அப் குரூப் குறைந்தது நான்கு, ஷிஃப்ட் முடிய முக்கால் மணி நேரம்.

தேவையான தகுதி: அது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்யத் தொடங்கி 2014இல் கதவை மூடியது. இன்று சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து ஐபோன் வெளியே போகிறது. போனை உலகத்துக்கே அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எவன் சொல்லித் தருவது?

1. பார்த்தாலே போதும்

மெயிலைத் திறங்கள். போட்டோவைத் தொடுங்கள். திரை முழுக்க வந்துவிட்டதா? வேலை முடிந்தது, மூடிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்தது போனுக்குள் இல்லாமல் எங்கே போகும்? மெயில் ஆப் அதைத் தற்காலிகமாகத்தான் இழுத்து வைத்திருக்கிறது, கேலரிக்கு அந்தப் படத்தைப் பற்றித் தகவலே போகவில்லை என்ற உண்மை, தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் இல்லாத இடத்தில், இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று மறுபடி திறக்கும்போது தெரிய வரட்டும். சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

2. அம்புக்குறியைத் தொடாதீர்கள்

இது எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயிலைத் திறந்தால் அட்டாச்மென்ட்டின் மேலேயே கீழ்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். தவறிப்போய் அதை அழுத்திவிட்டால் படம் முழு அளவில், எடுத்த தேதியோடு, ‘டவுன்லோடு’ ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேலரியிலும் அதே பெயரில் ஆல்பமாகத் தெரியும். ஐபோனின் மெயில் ஆப்பில் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ‘சேவ் இமேஜ்’ என்று கேட்கும். சரி என்றால் நேராக போட்டோஸுக்குப் போய்விடும். மொத்த வேலையும் மூன்று நொடி. மூன்று நொடியில் முடிந்ததை எந்த மேனேஜர் வேலை என்று ஒத்துக்கொள்வார்? ஆகவே அந்தப் பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பக்கத்துப் பொத்தானை அழுத்துங்கள்

அம்புக்குப் பக்கத்தில் ஒரு முக்கோணம் இருக்கிறதல்லவா, அது டிரைவ். அதை அழுத்துங்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும், மனசு நிறையும். படம் உங்கள் போனுக்கு வரவில்லை. கூகுளின் ஒரு அறையிலிருந்து அதே கூகுளின் இன்னொரு அறைக்குப் போயிருக்கிறது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. இப்போது ஒரே கீறல் அதில் இரண்டு தடவை இடம் பிடித்திருக்கிறது. கேலரியில் மட்டும் ஒரு தடவைகூட இல்லை. முன்னேற்றம்தான், விடாமல் தொடருங்கள்.

4. ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்

நமது தேசியத் தீர்வு இதுதான். கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம். கஸ்டமர் அனுப்பிய படம் 4032க்கு 3024 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 1 கோடியே 22 லட்சம். உங்கள் போன் திரையின் அகலம் 1080 புள்ளி. நிமிர்த்திப் பிடித்த போனில் அந்தப் படம் அடங்கும்போது மிஞ்சுவது ஏறக்குறைய 8 லட்சத்து 75 ஆயிரம். பதினான்கில் பதின்மூன்று பங்கை ஒரே அழுத்தில் உதிர்த்துவிட்டீர்கள். கீறல் இப்போது நிழலா, தூசியா என்று சந்தேகப்படும் நிலைக்கு வந்திருக்கும். ஜூம் செய்து எடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

க்ராப் செய்யவும் வேண்டாம். மேலே 9 சதவீத பேட்டரி, நேரம், நடுவில் சீட்டுப் பணம் கட்டச் சொல்லி மச்சான் அனுப்பிய மெசேஜ், எல்லாம் அப்படியே இருக்கட்டும். இன்ஸ்பெக்டரும் நம் வீட்டுச் சேதி கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

5. மெயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தால், மானிட்டரையே போட்டோ எடுங்கள்

திரையின் கோடுகளும் கேமராவின் கோடுகளும் மோதி வானவில் போல அலையலையாக விழும். அது வரும்வரை பக்கத்தில் போங்கள். டியூப்லைட், போனைப் பிடித்த உங்கள் கை, பின்னால் டீ டம்ளரோடு நிற்கும் அண்ணன், எல்லாரும் படத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. கேட்டில் நுழையும்போதே செக்யூரிட்டி உங்கள் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். கான்ட்ராக்ட் ஆள் என்றால் போனே லாக்கரில். ஸ்டிக்கர் ஒட்டாத கேமரா மேனேஜரிடம்தான் இருக்கும். அவரிடம் பணிவாகக் கேளுங்கள். “சார், ஒரு போட்டோ.” எடுத்துத் தருவார், எடுத்ததை உங்களுக்கு அனுப்பியும் வைப்பார். எதில்? மெயிலில்.

6. வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று விடுங்கள்

இனிமேல்தான் பட்டறை வேலை. படத்தை ‘லைன் 3 குவாலிட்டி’ குரூப்பில் போடுங்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்று படத்துக்குள் பொதிந்திருக்கும் விவரத்தையும் சுத்தமாகத் துடைத்துவிடும். பிறகு சூப்பர்வைசர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ‘டெய்லி ரிஜெக்‌ஷன்’ குரூப்பில் போடுவார். அங்கிருந்து சிவப்பு வட்டம் போட்டு வேறொருவர் மூன்றாவது குரூப்புக்கு அனுப்புவார். வட்டத்தின் கோடு கீறலை விடப் பத்து மடங்கு தடிமன். ஆகவே கீறல் இருந்த இடம் இப்போது வட்டத்துக்கு அடியில்.

2023இல் ‘ஹெச்டி’ என்று ஒரு வசதி வந்தது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படம் ஒரு புள்ளிகூடக் குறையாமல் போகும். இரண்டும் நமக்கு ஆகாது.

7. பெயர் வைக்காமல் தேடுங்கள்

படத்துக்குப் பெயர் வைத்தால் தேடும் சுகம் போய்விடும். போன வாரம் கஸ்டமர் எடுத்த படத்தில் தேதி அழிந்துவிட்டதால் கேலரியில் அது இன்றைய வரிசையில் நிற்கும். இன்று என்றால் காலை ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து எல்லா குரூப்பிலும் வந்து விழுந்த ஆதிகேசவப் பெருமாள் காலை வணக்கங்கள், ரோஜாப்பூக்கள், வாலாஜாபாத் ரோட்டில் மனை விற்பனை, இவற்றுக்கு நடுவே. இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் தள்ளிக்கொண்டே போங்கள். “இப்பதான் பாத்தேன் சார்” என்று நடுநடுவே சொல்வது அவசியம்.

8. ஃபைல் திறக்கவில்லையா? ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள்

சில நேரம் படம் ‘ஹெச்.இ.ஐ.சி’ என்ற வாலோடு வரும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா இந்த வடிவத்தில் சேமிக்கிறது. ஆண்ட்ராய்டு 9க்குப் பிறகு வந்த போன்கள் இதைத் திறந்துவிடும். ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் கை விரிக்கும். சுங்குவார்சத்திரத்தில் செய்த போன் எடுத்த படம் ஒரகடத்தில் திறக்க மாட்டேன் என்கிறதே என்று உட்கார்ந்து யோசிக்காதீர்கள். அந்த மெயிலை உங்கள் போனில் திறந்து பார்க்கவும் வேண்டாம். ஒரகடம் ஜங்ஷனில் இறங்கி ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் கொடுங்கள். அவர் எப்படியோ திறந்து, ஏ4 தாளில் கலர் பிரின்ட் போட்டுத் தருவார். அந்தத் தாளை வெயிலில் பிடித்து போட்டோ எடுங்கள். கேலரியில் வந்துவிட்டதா இல்லையா?

9. பதில் அனுப்பும்போது எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்

1992 மார்ச் 11 அன்று அமெரிக்காவில் நாத்தனியல் போரன்ஸ்டீன் என்பவர் ‘மைம்’ முறையில் முதல் அட்டாச்மென்ட்டை அனுப்பினார். தானும் மூன்று நண்பர்களும் சேர்ந்த பாட்டுக் குழுவின் படமும் பாட்டும். எழுத்து மட்டுமே போகத் தெரிந்த மெயிலுக்குள் படத்தைத் திணிக்க, ஒவ்வொரு 3 பைட்டையும் 4 எழுத்தாக மாற்றும் வழியை அந்த முறை வைத்திருக்கிறது. இன்றும் அப்படித்தான் போகிறது. அதனால் படம் வழியில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பெறுகிறவரின் சர்வர் எல்லை 25 எம்பி என்றால் நீங்கள் 24 எம்பி வைத்துவிட்டு, ஏன் போகவில்லை என்று ஐடி டிபார்ட்மென்ட்டைத் திட்டலாம்.

ஜிமெயிலின் 25 எம்பி எல்லையையே தாண்டினால் அது டிரைவ் லிங்க் ஆகிவிடும். அனுமதி கொடுக்காமல் அனுப்புங்கள். எதிரில் இருப்பவர் ‘அனுமதி வேண்டும்’ என்று கேட்பார். அந்தக் கோரிக்கை வரும்போது நீங்கள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

10. இடமில்லை என்று போன் சொன்னதும் அழியுங்கள்

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு ஒரே கீறல் உங்கள் போனில் ஏழெட்டு வடிவங்களில் இருக்கும். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வரும். கூகுள் போட்டோஸில் போய் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழியுங்கள். போனில் போனாலும் கிளவுடில் இருக்கும் என்று நம்புங்கள். அங்கே அழித்தால் இரண்டு இடத்திலும் போய்விடும் என்பது பிறகு தெரிந்தால் போதும். பேக்கப் ஆன படத்தைக் குப்பைத் தொட்டியில் 60 நாள் வைத்திருப்பார்கள். நீங்கள் 61ஆம் நாள் தேடுங்கள்.

ஹாஸ்டல் தோழிகளுக்குச் சிறப்புக் குறிப்பு

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அவர்களில் பலர் ஷிஃப்ட் முடிந்து வந்து அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள். ஸ்டூடியோக்காரர் உங்கள் பாஸ்போர்ட் சைஸ் படத்தை மெயிலில் அனுப்பியிருப்பார். விண்ணப்பம் 20 முதல் 50 கேபிக்குள் கேட்கும். இதுவரை படத்தைச் சிறிதாக்கப் பாடுபட்டோம் அல்லவா? இங்கே மட்டும் ஸ்டூடியோ அனுப்பிய 6 எம்பி ஒரிஜினலையே அப்படியே ஏற்றுங்கள். ஏறவில்லையா, மறுபடி ஏற்றுங்கள். கடைசித் தேதி இரவு பதினொன்றே முக்காலுக்கு ஆறு பேர் தங்கும் அறையில் ஒரே வைஃபையில் ஏற்றுவது உத்தமம். அப்போதும் மறுத்தால் ஸ்க்ரீன்ஷாட் இருக்கவே இருக்கிறது. தாடைக்குக் கீழே ‘ரிப்ளை, ரிப்ளை ஆல், ஃபார்வர்ட்’ என்ற மூன்று பொத்தான்களோடு உங்கள் ஹால் டிக்கெட் அழகாக வரும்.

இதனால் கிடைக்கும் பலன்

சந்தேகப் பிராணிகள் கேட்கலாம்: இத்தனை சுற்றில் படம் கெட்டுப்போகாதா? கெட்டுத்தான் போகும். பலனே அதுதான்.

இன்ஸ்பெக்டர் உங்கள் போனை வாங்கி, விரலால் இழுத்துப் பெரிதாக்கி, சாய்த்துப் பார்ப்பார். பிராக்கெட் மழமழவென்று இருக்கும். “எங்க சார் கீறல்?” என்பார். உங்களுக்கும் தெரியாது. மெஷினை நிறுத்த வேண்டியதில்லை, டூலைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. ஜீரோ டிஃபெக்ட் என்று கேன்டீன் சுவரில் எழுதியிருப்பதை ஒரு பைசா செலவில்லாமல் சாதித்துவிட்டீர்கள். அதே டூல் அடுத்த லாட்டையும் அதே இடத்தில் கீறிக்கொண்டிருக்கும். அது அடுத்த மெயிலின் பிரச்சினை.

ஆனால் கஸ்டமர் விட மாட்டார், 8டி ரிப்போர்ட் கேட்பார். பிரச்சினையை எட்டுப் படிகளில் தீர்க்கும் அந்த முறையை 1987இல் புத்தகமாகப் போட்டது ஃபோர்டு. சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டின் அந்தக் கோடியில், மறைமலைநகரில், ஒரு காலத்தில் கார் செய்துகொண்டிருந்த அதே ஃபோர்டு. எட்டில் முதல் ஏழை எப்போதும் போல நிரப்புங்கள். காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது. எட்டாவது படி, குழுவைப் பாராட்டுவது. இதை மட்டும் மனசார நிறைவேற்றுங்கள். எல்லாரையும் கேட் முன்னால் நிறுத்தி குரூப் போட்டோ எடுத்து, ஒரிஜினல் அளவிலேயே எல்லாருக்கும் மெயில் போடுங்கள். மறுநாள் காலை அது யார் யார் கேலரியில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். எடுத்தவர் கேலரியில் நிச்சயம் இருக்கும்.